முடி கொட்டுகிறது என்று தலைக்குக் குளிப்பதைக் குறைக்கலாமா?

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 37 வயது. ஈரோடு பக்கம் இருக்கிறோம். இரண்டு வருடமாக முடி கொட்டுகிறது. போன ஐப்பசியில் டெங்கு வந்து எழுந்த பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது அடங்கிவிட்டது. ஆனால் நடு வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. பொடுகும் அரிப்பும் வேறு. ஆன்லைனில் வெங்காய ஷாம்பு, காஃபீன் ஷாம்பு, பயோட்டின் கண்டிஷனர், பயோட்டின் மாத்திரை எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் உபயோகித்தேன். பலன் இல்லை. அப்புறம் தோல் டாக்டரிடம் போனேன். மினாக்ஸிடில் லோஷனும் கீட்டோகோனசோல் ஷாம்புவும் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. லோஷன் போட ஆரம்பித்து ஐந்தாவது வாரத்தில் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. பயந்து இரண்டையும் நிறுத்திவிட்டேன். இப்போது பத்து நாளைக்கு ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கிறேன். குளித்தால் கை நிறைய வருகிறது. ஷாம்புதான் காரணம், அரப்புக்கு மாறு என்கிறார் மாமியார். எங்கள் வீட்டில் உப்பான போர் தண்ணீர். நான் மறுபடி அந்த ஷாம்புவைப் போடலாமா? கண்டிஷனர் போட்டால் இன்னும் கொட்டுமா? 11 வயது மகளுக்கும் இதே ஷாம்பு போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, நீங்கள் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கிறீர்கள் என்பது. முடி கொட்டுவதாகச் சொல்லி வருகிற பெண்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். குளித்தால் கொட்டுகிறது, அதனால் குளிப்பதைக் குறைப்போம் என்ற கணக்கு வெளியே பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அது தப்பான கணக்கு. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நம் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி நின்று வேர் சுருங்குகிறது. அதன் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு உதிர்கிறது. எந்த நேரத்திலும் நூற்றுக்கு 85, 90 முடி வளரும் நிலையிலும், மீதியில் பெரும்பகுதி இந்த ஓய்வு நிலையிலும் இருக்கும். ஆரோக்கியமான தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தலைக்குத் தேய்க்கும்போது கையோடு வருகிறவை இந்த ஓய்வு முடிந்த முடிகள்தான். மூன்று மாதத்துக்கு முன்பே அவற்றின் கணக்கு முடிந்துவிட்டது. வளர்ந்துகொண்டிருக்கிற முடியை வேரோடு பிடுங்கும் சக்தி எந்த ஷாம்புவின் நுரைக்கும் கிடையாது.

இப்போது உங்கள் பத்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் சீவும்போது கொஞ்சம் போயிருக்கும். பின்னலுக்குள் மாட்டிக்கொண்டு விழாமல் நின்ற முடி எல்லாம் சேர்ந்து பத்தாவது நாள் ஒரே நேரத்தில் குளியலறைத் தரையில் கிடக்கும். நீளமான முடி என்றால் அந்தக் குவியலைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். பயத்தில் அடுத்த குளியலை இன்னும் தள்ளிப் போடுவீர்கள். அப்போது குவியல் இன்னும் பெரிதாகும். இதற்கிடையில் தலையில் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் சேர்ந்து பொடுகுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளியுங்கள். முதல் இரண்டு மூன்று குளியலில் அதிகமாக வரும். வரட்டும். ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, உங்களுக்கு என்ன பிரச்சினை என்பது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. டெங்குக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது ஒன்று. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து எடை இறக்குவது, இப்படி உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். கொரோனாவுக்குப் பிறகு இதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்தன. காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது தானாக அடங்கும். உங்களுக்கும் அடங்கிவிட்டது.

வகிடு அகலமாவது வேறு கதை. முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் முடி மெலிந்துகொண்டே போவது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை முடி இழப்பின் அடையாளம். வேர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுத்து, முன்பு தடித்த முடி கொடுத்த இடத்தில் பூனைமுடி போல மெல்லிய முடியைக் கொடுக்கும். அம்மா பக்கமோ அப்பா பக்கமோ யாருக்காவது இருந்திருக்கலாம். யாருக்கும் இல்லாமலும் வரலாம். உங்களை நேரில் பார்த்த டாக்டர், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவரும் இதைத்தான் நினைத்திருக்கிறார். டெங்கு இந்தப் பிரச்சினையை உண்டாக்கவில்லை. மெதுவாக நடந்துகொண்டிருந்ததை வெளியே தெரிய வைத்தது, அவ்வளவுதான்.

சரி, இதில் ஷாம்புவுக்கு என்ன வேலை?

நீங்கள் வாங்கிய செட்டின் பாட்டில் இன்னும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'முடி உதிர்வைக் குறைக்கும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாட்டிலின் பின்புறம் அதே குறிக்கு நேராக, 'உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கடையில் இருக்கிற முடி உதிர்வு ஷாம்புகளில் பெரும்பாலானவற்றின் உண்மையான வாக்குறுதி இவ்வளவுதான். முடித்தண்டு வழுவழுப்பானால் சீப்பில் சிக்காது, சிக்காவிட்டால் பாதியில் உடையாது. அது பொய்யில்லை. ஆனால் உங்கள் பிரச்சினை தண்டில் இல்லை, வேரில் இருக்கிறது. இத்தனை சதவீதம் குறையும் என்று விளம்பரத்தில் வருகிற எண்களும் பெரும்பாலும் கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்புவோடு ஒப்பிட்டு, சீப்பில் உடைந்து வந்த முடியை எண்ணிச் சொல்வதுதான்.

நம் நாட்டுச் சட்டமே இதில் கண்டிப்பானது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கையும், புது முடி வளர வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் பாட்டிலில் வார்த்தைகள் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும். சமூக ஊடகத்தில் வீடியோ போடுகிறவர்களிடம் அந்த ஜாக்கிரதை இருப்பதில்லை.

வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2002இல் பாக்தாதில் இருந்து ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குப் பச்சை வெங்காயச் சாற்றைத் தினம் இரண்டு வேளை தடவியதில் பலருக்கு முடி முளைத்தது. அது வேறு நோய். அவர்கள் தடவியதும் சாறு. துளி வெங்காயச் சத்து கலந்த ஷாம்புவை ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுவதை அதோடு சேர்த்துப் பேச முடியாது. காஃபீன் கொஞ்சம் மேல். ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்த முடிவேர்களில் அது நல்ல விளைவைக் காட்டியது, தலைத்தோலுக்குள் இறங்கவும் செய்கிறது. ஆனால் ஷாம்புவாகப் போட்டுக் கழுவினால் மனிதர்களுக்கு முடி இழப்பு குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 2018இல் ஒரு காஃபீன் ஷாம்புவின் விளம்பரத்தில் இருந்து அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னது. பயோட்டின் ஒரு பி வைட்டமின், அதன் பற்றாக்குறை நம்மில் மிக அபூர்வம். கண்டிஷனரில் இருக்கிற பயோட்டின் வேருக்கு எதுவும் செய்யாது. மாத்திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் டாக்டர் எழுதிய கீட்டோகோனசோல் இந்தக் கூட்டத்தில் சேராது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிறுத்தியவற்றில் இதை நிறுத்தியிருக்கவே கூடாது.

பொடுகு வெறும் வறட்சி இல்லை. எல்லோர் தலையிலும் மலசீஸியா என்ற ஒருவகைப் பூஞ்சை வாழ்கிறது. தலையில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. சிலருக்கு அது பெருகி, அதன் கழிவுக்குத் தோல் எரிச்சல்பட்டு, செதில் செதிலாக உரிந்து அரிக்கும். அந்த அழற்சி முடிவேர் இருக்கிற இடத்தைச் சுற்றியே நடக்கிறது. முடி ஓய்வுக்குப் போவதை அது விரைவுபடுத்தும். அரிப்பில் சொறியச் சொறிய முடி உடையவும் செய்யும். கீட்டோகோனசோல் அந்தப் பூஞ்சையை அடக்கி அழற்சியைத் தணிக்கிறது. அதற்கு மேலும் கொஞ்சம் செய்யலாம் என்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. பெல்ஜியத்தில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், பரம்பரை வழுக்கை உள்ள ஆண்கள் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை நீண்ட நாள் போட்டபோது, முடியின் அடர்த்தியும் வளர்நிலையில் உள்ள முடியின் பங்கும் 2 சதவீத மினாக்ஸிடில் போட்டவர்களுக்குக் கூடியதைப் போலவே கூடின. சிறிய ஆய்வு, அதுவும் ஆண்களிடம். அதனால் இதை வைத்து மட்டும் சிகிச்சை என்று சொல்லிவிட மாட்டேன். 2003இல் சுமார் 200 ஆண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், பொடுகுக்குப் போடும் இன்னொரு மருந்தான ஜிங்க் பைரித்தியோன் 1 சதவீதம் கலந்த ஷாம்புவைத் தினமும் போட்டபோது 26 வாரத்தில் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. 5 சதவீத மினாக்ஸிடில் கொடுத்த பலனில் பாதிகூட இல்லை. ஆக, இந்த ஷாம்புகள் துணைக்கு நல்லவை. முதன்மை வேலையை லோஷன்தான் செய்ய வேண்டும்.

ஆனால் இந்தத் துணை சிறிய விஷயம் இல்லை. மினாக்ஸிடில் லோஷனில் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் இருக்கும். சிலருக்கு அதுவே தலையில் அரிப்பையும் செதிலையும் கொண்டுவரும். ஏற்கெனவே பொடுகால் புண்பட்டிருக்கிற தலையில் அதை ஊற்றினால் எரியும், எரிந்தால் விட்டுவிடுவார்கள். தலைத்தோல் ஆரோக்கியமாக இருந்தால்தான் மாதக்கணக்கில் லோஷனைத் தொடர்ந்து போட முடியும். உங்கள் டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஷாம்பு போட்ட பிறகும் லோஷன் அரித்தால் அவரிடம் சொல்லுங்கள், அந்தத் திரவம் கலக்காத நுரை வடிவம் இருக்கிறது.

கீட்டோகோனசோல் ஷாம்புவைப் போடும் விதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண ஷாம்பு மாதிரி நுரை வந்ததும் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் உங்கள் வழக்கமான மென்மையான ஷாம்புவால் ஒரு தடவை அலசிவிடுங்கள். அப்புறம் மருந்து ஷாம்புவை உள்ளங்கையில் எடுத்து, முடியைப் பிரித்துப் பிரித்து விரல் நுனியால் தலைத்தோலில் தடவுங்கள். நகம் படக் கூடாது. பின்னல் நுனி வரை தேய்க்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் உடம்புக்குக் குளித்துவிட்டு, கடைசியில் நன்றாக அலசுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். பொடுகு அடங்கிய பிறகு வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போதும். சுத்தமாக நிறுத்தினால் பொடுகு திரும்பும், ஏனென்றால் பூஞ்சை தலையை விட்டுப் போவதில்லை, அடங்கி மட்டுமே இருக்கிறது. கீட்டோகோனசோல் மாத்திரை ஈரலைப் பாதிக்கும் என்று எங்காவது படித்துப் பயந்திருந்தால், அது வாய்வழி மாத்திரையின் பிரச்சினை. ஷாம்புவில் இருந்து ரத்தத்துக்குள் போகும் அளவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

பொடுகுக்கு என்று மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள். சில லோஷன்களில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும் என்பதால் ஆட்கள் மாதக்கணக்கில் தடவிக்கொண்டே இருக்கிறார்கள். தோல் மெலிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

இப்போது ஐந்தாவது வாரம் நடந்ததைப் பார்ப்போம். இதை உங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மினாக்ஸிடில் வேலை செய்ய ஆரம்பிக்கும்போது, ஓய்வில் கிடக்கிற வேர்களை எழுப்பிப் புது முடி வளர வைக்கிறது. புது முடி கீழே இருந்து கிளம்பும்போது, மேலே தொற்றிக்கொண்டிருந்த பழைய முடி விழுந்துவிடும். பொதுவாக இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் இது நடக்கும், பிறகு அடங்கும். அப்போது விழுந்தது எப்படியும் அடுத்த சில வாரங்களில் விழ இருந்த முடி. மருந்து பிடித்திருக்கிறது என்பதன் அடையாளமாகக்கூட இது இருக்கலாம். நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கையில் கொத்தாக முடி வரும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

டாக்டரிடம் ஒரு தடவை பேசிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றாலோ, தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றாலோ, இதய நோய் இருந்தாலோ அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். லோஷனை உலர்ந்த தலைத்தோலில் போட வேண்டும், போட்ட பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தலையணையில் பட்டு முகத்துக்கு வந்து, அங்கே முடி முளைக்கலாம். போட்டதும் கையைக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. மினாக்ஸிடில் பூனைக்குக் கொடிய விஷம், தலையணையை நக்கினால்கூட ஆபத்து. ஆரம்பிக்கும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் வகிட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதே இடம், அதே வெளிச்சத்தில் ஆறாவது மாதம் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலன் தெரிந்த பிறகும் தொடர வேண்டிய மருந்து இது. நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும்.

எண்ணெய் வைக்கிற பழக்கத்தை இதோடு எப்படிப் பொருத்துவது என்று அடுத்துக் கேட்பீர்கள். எண்ணெய் வைத்த தலையில் லோஷன் சரியாக இறங்காது. பொடுகு இருக்கிற தலையில் இரவெல்லாம் தேங்காய் எண்ணெயை ஊற வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. அதற்காகத் தேங்காய் எண்ணெயையே தள்ளிவிட வேண்டாம். அது முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பையில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை. எனவே குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே இருக்கிற முடியில் மட்டும் தடவுங்கள். தலைத்தோலுக்கு வேண்டாம். செவ்வாய், வெள்ளி காலையில் தலைக்குக் குளிக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு லோஷன், காலையில் நீளத்துக்கு எண்ணெய், குளியல், தலை காய்ந்த பிறகு மறுபடி லோஷன் என்று சரியாகப் பொருந்தும். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு என்பது டாக்டர் எழுதியபடி.

கண்டிஷனர் போட்டால் கொட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டாது. உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய பொருள் அது. கீட்டோகோனசோல் ஷாம்பு தலைத்தோலுக்கு நல்லது, ஆனால் முடியை நார் மாதிரி ஆக்கும். அதனாலேயே பல பெண்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ஈரமான முடி, அதுவும் பழையதாகி மேல் செதில்கள் தேய்ந்துபோன நுனி, எதிர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரில் இருக்கும் பொருட்கள் நேர்மின் தன்மை கொண்டவை. அதனால் அவை சேதமான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு வழுவழுப்பாக்குகின்றன. சிக்கு எடுக்கும்போது உடைவது நன்றாகக் குறையும். முடி ஏற்கெனவே மெலிந்திருக்கிற உங்களுக்கு, பாதியில் உடையாமல் காப்பாற்றிய ஒவ்வொரு முடியும் அடர்த்தியாகத் தெரியும்.

தலையை அலசிய பிறகு கையால் முடியைப் பிழிந்து தண்ணீரை இறக்கிவிட்டு, காதுக்குக் கீழே நுனி வரை தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அந்த வழுவழுப்பு இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து தொடங்கி மேலே போய்ச் சிக்கை எடுத்துவிட்டு அலசுங்கள். தலைத்தோலில் போட்டால் கெடுதல் பெரிதாக இல்லை. பிசுபிசுப்பாகி மெல்லிய முடி தலையோடு ஒட்டிப் படிந்து, வகிடு இன்னும் அகலமாகத் தெரியும். எந்தப் பிராண்டு என்பது முக்கியமே இல்லை. பயோட்டின் செட்டில் மீதி இருக்கும் கண்டிஷனரை இப்படிப் போட்டுத் தீர்க்கலாம். குளித்த பிறகு ஈரத் துண்டால் முடியை அடித்து உதறுகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஈர முடி இழுபட்டு எளிதில் உடையும். துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

உடைகிறதா, வேரோடு விழுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். விழுந்த முடியின் ஒரு நுனியில் வெள்ளையாகக் குட்டி முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. முடிச்சு இல்லாமல் வெவ்வேறு நீளத்தில் துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது. முதல் வகைக்கு மருந்து வேண்டும். இரண்டாவதற்குக் கண்டிஷனரும் நிதானமான சீப்பும் போதும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். உப்புத் தண்ணீரால் வழுக்கை விழாது. கால்சியமும் மக்னீசியமும் முடி மேல் படிந்து சொரசொரப்பாகும், சிக்கும், உடையும். வேர் வரை அதன் கை நீளாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் குடிதண்ணீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கண்டிஷனரே பெரும்பகுதியைச் சமாளிக்கும். அந்தத் தண்ணீரில் உடம்புக்குப் போடும் சோப்பை மட்டும் தலைக்குப் போட்டுவிடாதீர்கள். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பசையாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு அப்படித் திரிவதில்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. அரப்பிலும் சீயக்காயிலும் இயற்கையாக நுரைக்கிற சபோனின் இருக்கிறது, எண்ணெயை நன்றாக எடுக்கும். கொங்குப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அரப்பு போட்டுத்தான் நீளமான முடி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அதனால் பூஞ்சையை மருந்து ஷாம்பு அளவுக்கு அடக்க முடியாது. திப்பி உள்ள தூளை ஈர முடியில் தேய்ப்பதில் உரசலும் அதிகம். இந்த நான்கு வாரம் மருந்து ஷாம்புவே இருக்கட்டும். பிறகு அது தேவைப்படாத குளியல்களுக்கு, மெல்லிய துணியில் சலித்த அரப்பைக் கரைத்துத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஷாம்புதான் காரணம் என்ற பயத்தை மட்டும் அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

எனக்கு ஷாம்புவைவிட அந்த 10.2 உறுத்துகிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது இருக்கிறது என்பதால் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இரும்புச் சத்து குறைந்தால் முடி கொட்டுவது கூடலாம், மினாக்ஸிடில் போட்டும் பலன் மந்தமாக இருக்கலாம். உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அங்கேதான் காரணம் பெரும்பாலும் இருக்கும். இரும்பு மாத்திரை தருவார்கள், அதை டீ, காபியோடு சேர்க்காமல் சாப்பிடுங்கள். பயோட்டின் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தப்பாகக் காட்ட வைக்கும். இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிட நேரலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. முடி போன இடம் வழவழப்பாகப் பளபளத்து, வேர்க்குழியே தெரியாமல் போவது, தலையில் வலி, எரிச்சல், சீழ்க் கொப்புளம், புருவமும் சேர்ந்து உதிர்வது. இவை தழும்பாகிவிடும் வகை முடி இழப்பாக இருக்கலாம். அதில் போன வேர் திரும்பாது. அப்படி எதையாவது பார்த்தால் ஷாம்புவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள்.

மகளுக்குப் பொடுகு இல்லையென்றால் மருந்து ஷாம்பு வேண்டாம். மென்மையான ஏதாவது ஒரு ஷாம்பு, வாரம் இரண்டு முறை போதும். அவளுடைய பள்ளிக்கூட ரெட்டைப் பின்னலை மட்டும் கவனியுங்கள். நெற்றி ஓரத்து முடி விறைக்கிற அளவுக்கு இழுத்துப் பின்னி ரிப்பன் கட்டினால், வருடக்கணக்கில் அந்த இழுவையிலேயே ஓரத்து முடி போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துத் தளரப் பின்னிவிடுங்கள். அவள் தலையில் எங்காவது வட்டமாகச் செதிலோடு முடி குட்டையாக ஒடிந்து நின்றால் அது பொடுகு இல்லை. குழந்தைகளுக்கு வருகிற படர்தாமரையாக இருக்கலாம். உங்கள் கீட்டோகோனசோல் பாட்டிலை எடுத்துப் போட்டால் அது மற்றவருக்குப் பரவுவதைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, குணமாக்காது. அதற்குச் சில வாரங்கள் வாய்வழி மாத்திரையே தேவை, அதனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தனித்தனிச் சீப்பும் துண்டும் இருக்கட்டும்.